ஷூ கம்பெனி பஸ் காலை எட்டு மணிக்கு. சிறப்புக் குழந்தையை யார் பார்ப்பது? - ராணிப்பேட்டையில் இடிக்கும் கணக்கு

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... தோல் தொழில் நடக்கும் இந்த ஊர்களில் காலை ஏழரை, எட்டு மணிக்கு மெயின் ரோட்டில் நின்றால் ஒரு காட்சி தவறவே தவறாது. டிபன் பையும் ஐடி கார்டுமாகப் பெண்கள் கும்பலாக நிற்பார்கள். ஷூ கம்பெனி பஸ் வரும். இரண்டே நிமிடத்தில் அந்த இடம் காலி.

அந்தக் கும்பலில் ஒருவருக்கு எட்டு வயதில் பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு இன்னும் தானாகச் சாப்பிட வராது. பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லத் தெரியாது. கதவு திறந்திருந்தால் ரோட்டுக்கு ஓடிவிடுவான். அம்மா மாலை ஆறு மணிக்குத் திரும்பி வரும்வரை அவனை யார் பார்த்துக்கொள்வது? அவனுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

இதுபோன்ற குழந்தைகளுக்காக அரசிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், மாதாந்திர உதவித்தொகை இருக்கிறது, காப்பீடு இருக்கிறது. ஆனால் கிட்டத்தட்ட எல்லாத் திட்டத்துக்கும் அடியில் ஒரு நினைப்பு ஓடுகிறது: ‘பகலில் அம்மா வீட்டில் இருப்பார்’. தோல் தொழில் ஊர்களில் அம்மா வீட்டில் இல்லை. பிரச்சினை தொடங்குவது அங்கேதான்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

‘கற்றல் குறைபாடு’ என்ற சொல்லை நம் ஊரில் இரண்டு விஷயத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறோம். அதனால் பெற்றோர் தப்பான வரிசையில் போய் நிற்பதும் நடக்கிறது.

நன்றாகப் பேசும், விளையாடும், கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வரும் குழந்தை, வாசிக்கும்போது மட்டும் எழுத்துகளைக் குழப்பிக்கொண்டால் அது டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. அறிவுத்திறனில் அந்தக் குழந்தைக்குக் குறை எதுவும் இல்லை. பேச்சு, நடை, சாப்பாடு, உடை, பழக்கம் என்று எல்லாமே வயதுக்குப் பின்தங்கி இருந்தால் அது அறிவுசார் குறைபாடு. முன்பு ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று எழுதினார்கள்; பழைய படிவங்களில் இப்போதும் அந்த வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் ‘லேர்னிங் டிஸபிலிட்டி’ என்றால் இந்த இரண்டாவது வகை. கூகுளில் தேடிப் படிக்கும் பெற்றோர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இரண்டும் தனித்தனியாக உள்ளன. ஆனால் கிடைக்கும் சலுகைகள் வேறு. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்றால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்றவை முக்கியம். அதற்கான சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகுதான். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிப்பார்கள். அறிவுசார் குறைபாடு என்றால் பராமரிப்பு உதவித்தொகை, காப்பீடு, பாதுகாவலர் நியமனம் என்று வேறொரு பாதை. இந்தக் கட்டுரை இரண்டாவது பாதையைப் பற்றியது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சதவீதத்தை எப்படிப் போடுகிறார்கள்? மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி, குழந்தை தன் அன்றாட வேலைகளை வயதுக்கேற்பச் செய்கிறதா என்று அளந்து ஒரு மதிப்பெண் தருவார்கள். 55 முதல் 69 வரை என்றால் 50 சதவீதக் குறைபாடு. 36 முதல் 54 வரை 75. அதற்குக் கீழே 90, 100. மதிப்பெண் 70க்கும் 84க்கும் இடையில் இருந்தால் 25 சதவீதம்தான். சலுகைகளுக்கான வாசல் 40 சதவீதம் என்பதால் இந்தக் குழந்தைகள் வெளியே நின்றுவிடுகிறார்கள். சாதாரண வகுப்பிலும் தாக்குப்பிடிக்க முடியாது, சிறப்புக் குழந்தை என்ற சான்றும் கிடைக்காது. ‘படிப்பு ஏறல, வேலைக்கு அனுப்பிடலாம்’ என்று பத்தாவதுக்கு முன்னாலேயே நிற்பவர்களில் இவர்கள் எத்தனை பேரோ.

தோல் தொழில் ஊர்களுக்கே உரிய இன்னொரு விஷயம், மொழி. மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் பல வீடுகளில் பேசுவது உருது. வீட்டில் உருது மட்டுமே கேட்டு வளர்ந்த நான்கு வயதுக் குழந்தையிடம் தமிழில் கேள்வி கேட்டு ‘பேச்சு வரவில்லை’ என்று எழுதிவிடக் கூடாது. மதிப்பீட்டின்போது வீட்டு மொழி எது என்பதைப் பெற்றோரே முந்திக்கொண்டு சொல்வது நல்லது.

ஒரு குழந்தை, மூன்று அலுவலகம்

ராணிப்பேட்டை 2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆம்பூர் அதே நேரத்தில் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. தோல் தொழில் ஒன்றுதான். அலுவலகங்கள் மட்டும் மூன்று மாவட்டமாகப் பிரிந்தன.

சிறப்புக் குழந்தை உள்ள குடும்பம் தட்ட வேண்டிய முதல் கதவு சுகாதாரத் துறை. ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதிக்க வேண்டும். 2013இல் தொடங்கிய திட்டம் இது. சந்தேகம் வந்தால் மாவட்ட அளவிலான ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். ராணிப்பேட்டை மாவட்டத்தின் அரசுத் தலைமை மருத்துவமனை இருப்பது வாலாஜாபேட்டையில். இந்தக் கதவுக்குச் சீக்கிரம் வருகிறவர்கள் குறைவு. ‘ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவங்கப்பாவும் அப்படித்தான்’ என்று ஆயா சொன்னதை நம்பி இரண்டு, மூன்று வருடம் போய்விடும். மூளை வேகமாக வளரும் வருடங்கள் அவை.

இரண்டாவது கதவு பள்ளிக் கல்வித் துறை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டத்தில் வாலாஜா, ஆற்காடு, திமிரி, சோளிங்கர், காவேரிப்பாக்கம், நெமிலி, அரக்கோணம் என ஏழு ஒன்றியங்கள். சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் இந்த வள மையத்தின் கீழ் வேலை செய்கிறார்கள். பள்ளிக்கு வர முடிகிற குழந்தைக்கு அங்கேயே பயிற்சி, வரவே முடியாத குழந்தைக்கு வீடு தேடிப் போய்ப் பயிற்சி. இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பதால் அழுத்திச் சொல்லலாம்: ‘பள்ளிக்கூடத்துல சேர்த்துக்க மாட்டாங்க’ என்று வீட்டிலேயே வைத்திருக்கத் தேவையில்லை. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ பெற்றோர் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறுவது சட்டம் தந்த உரிமை.

மூன்றாவது கதவு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அடையாள அட்டை, உதவித்தொகை, சிறப்புப் பள்ளி, இல்லம் எல்லாம் அங்கே. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளையும் இல்லங்களையும் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள்தான் நடத்துகின்றன. அரசு மானியம் தருகிறது.

இந்த மூன்று கதவுக்கும் நடுவே கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவது யார்? அம்மாதான். ஒவ்வொரு அலைச்சலும் கம்பெனியில் ஒரு நாள் லீவு. ஆப்சென்ட் விழுந்தால் அன்றைய சம்பளம் போகும்.

பயிற்சி என்றால் உண்மையில் என்ன?

மாத்திரையோ ஊசியோ போட்டு அறிவுசார் குறைபாட்டைப் போக்க முடியாது. தைராய்டு சுரப்பு குறைவு போன்ற சில காரணங்களைப் பிறந்த உடனே கண்டுபிடித்தால் பாதிப்பைத் தடுக்கலாம். வலிப்பு இருந்தால் அதற்கு மருந்து வேண்டும். மற்றபடி குழந்தையை மாற்றுவது பயிற்சிதான். அது என்ன பயிற்சி என்று கேட்டால் மிகச் சாதாரணமாகத் தெரியும்.

டி-ஷர்ட் போடுவதை எடுத்துக்கொள்ளலாம். நமக்கு அது ஒரு வேலை. பயிற்றுநருக்கு அது ஆறேழு வேலை: எடுப்பது, முன்பக்கம் எது என்று பார்ப்பது, தலையை நுழைப்பது, வலது கையை விடுவது, இடது கையை விடுவது, கீழே இழுத்து விடுவது. முதல் படியிலிருந்து சொல்லிக்கொடுத்தால் குழந்தை பாதியில் சலித்துப்போய் வீசிவிடும். அதனால் தலைகீழாகத் தொடங்குவார்கள். எல்லாவற்றையும் அம்மாவே செய்துவிட்டு, கடைசியாகக் கீழே இழுத்து விடுவதை மட்டும் குழந்தையிடம் விடுவது. இழுத்தால் சட்டை போட்டாச்சு! கைதட்டு, ஒரு முத்தம். அது வந்த பிறகு கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று. ஒவ்வொரு முறையும் குழந்தை ஒரு வேலையை முடித்த சந்தோஷத்தோடு முடிக்கும். சூட்சுமம் அவ்வளவுதான்.

பாத்ரூம் பயிற்சியும் அப்படியே. ஒரு வாரம் குழந்தை எந்த நேரத்தில் நனைக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரியும். அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் கூட்டிப்போய் உட்கார வைக்க வேண்டும். போனால் பாராட்டு, போகாவிட்டால் திட்டு இல்லை. மாதக்கணக்கில் செய்ய வேண்டும்.

கவனித்துப் பார்த்தால் இதில் எந்த வேலையும் வாரத்துக்கு ஒருமுறை வரும் பயிற்றுநரால் முடியாது. பயிற்றுநர் வந்து வழி காட்டலாம், தவறைத் திருத்தலாம். சட்டையைத் தினமும் போட வேண்டும், சோற்றை மூன்று வேளையும் பிசைய வேண்டும். குழந்தையோடு நாள் முழுக்க இருப்பவர்தான் உண்மையான ஆசிரியர். அவர் பயிற்சி பெறாத ஆளாக இருந்தால், அவசரத்தில் எல்லாவற்றையும் தானே செய்துவிடுவார். ஊட்டுவது சுலபம், ஐந்து நிமிடத்தில் முடியும். பையனையே சாப்பிட விட்டால் அரை மணி நேரம், அதோடு தரையெல்லாம் சாதம். எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் எதைச் செய்வார்?

பாகாயத்தில் கண்டது

பெற்றோரைப் பயிற்றுநராக ஆக்க வேண்டும் என்ற யோசனைக்கு ராணிப்பேட்டையிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய வேர் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் பாகாயத்தில் இயங்குகிறது. நோயாளியைத் தனியே அடைத்து வைக்காமல், குடும்பத்தில் ஒருவரைக் கூடவே தங்க வைத்துச் சிகிச்சை தருவது அதன் பாணி. அங்குள்ள குழந்தைகள் மனநலப் பிரிவில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுடன் பெற்றோரும் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள்.

அந்த மையத்தின் மருத்துவர்கள் 57 குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 1999இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியானது. பத்து வாரம், பெற்றோரைக் குழுவாக உட்கார வைத்து, பாடம் நடத்துவதோடு நிறுத்தாமல் அவர்களையே பேச வைத்துப் பயிற்சி. முடிவில் குறைபாட்டைப் பற்றிய புரிதல், குழந்தையை வளர்க்கும் விதம், கையாளும் திறன் எல்லாம் கணிசமாக முன்னேறின. ‘குறைபாடு’ என்பதன் மீதான மனப்பான்மை மட்டும் அசையவில்லை. இது கொஞ்சம் வலிக்கிற முடிவுதான். ஆனால் நேர்மையானது. பத்து வாரத்தில் ஊர்ப்பேச்சை மறக்க முடியாது. சட்டை போடச் சொல்லித்தர முடியும்.

பயிற்சி பலிக்கிறது என்பது பக்கத்து ஊரிலேயே கால் நூற்றாண்டுக்கு முன் தெரிந்த விஷயம். ஆனால் பத்து வாரம் வேலையை விட்டுவிட்டு உட்கார முடிகிற அம்மாவுக்குத்தான் அது பலிக்கும்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. உடல் சார்ந்த கடும் குறைபாட்டுக்கு 75 சதவீதம் வேண்டும். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதமே போதும். நல்ல திட்டம். ஆனால் நாள் கணக்கில் 67 ரூபாய்க்கும் குறைவு. இந்தப் பணத்தில் மருந்து, டயப்பர் வாங்கலாம். ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாது. அம்மா வேலையை விட்டால் அந்த இழப்பை ஈடுகட்டவும் முடியாது.

ஆலையிலேயே குழந்தைகள் காப்பகம் இருக்குமே? இருக்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் கட்டாயம் என்றது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் வயது வரம்பு அதே ஆறுதான். சாதாரணக் குழந்தை ஆறு வயதில் பள்ளிக்குப் போய்விடும் என்பது கணக்கு. எட்டு வயதில் மூன்று வயதுக் குழந்தையைப் போல இருக்கும் பையனுக்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது.

லீவு எடுக்கலாமா? மத்திய அரசுப் பெண் ஊழியருக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலத்தில் 730 நாட்கள். மாற்றுத்திறன் கொண்ட குழந்தை என்றால் குழந்தையின் வயதுக்கு வரம்பே இல்லை. இமாச்சலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் ஒருவர் மரபணுக் கோளாறுள்ள மகனைப் பார்த்துக்கொள்ள விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்ட வழக்கில், 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த விடுப்பு சலுகை அல்ல, பெண்கள் வேலையில் தொடர்வதற்கான அரசியலமைப்புக் கடமை சார்ந்தது என்ற பார்வையை முன்வைத்தது. ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவருக்கு இதில் எதுவும் பொருந்தாது.

அரசின் இன்னொரு திட்டம், அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் தாய்மாருக்கு மோட்டார் பொருத்திய தையல் மெஷின் இலவசமாகத் தருவது. குழந்தையையும் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே சம்பாதிக்கட்டும் என்ற நல்லெண்ணம். தோல் தொழில் ஊர்களில் வீட்டில் உட்கார்ந்து சம்பாதிப்பது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஷூ அப்பரை மூட்டையாக வீட்டுக்கு வாங்கி வந்து கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. வெளியே போக முடியாத பெண்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள். ஊசியும் கோணியும் பசையும் கிடக்கும் அறையில், ஓடித் திரியும் பையனையும் பார்த்துக்கொண்டு.

அம்மா கம்பெனிக்கே போனால், வீட்டில் ஆயா. ஆயாவுக்கு உடம்பு முடியாவிட்டால் அக்கா. பன்னிரண்டு, பதின்மூன்று வயது அக்கா பள்ளிக்கு லீவு போடத் தொடங்கினால், ஒரு குழந்தைக்குச் செய்து கொடுக்காத ஏற்பாடு இன்னொரு குழந்தையின் படிப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது.

பயிற்றுநர்களின் நிலையும் ஆட்டம்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் ஒப்பந்த, தொகுப்பூதிய அடிப்படையில் வேலை செய்கிறார்கள்; பணி நிரந்தரம் கேட்டுப் பலமுறை போராடியிருக்கிறார்கள். தொடக்க வகுப்பில் பத்துச் சிறப்புக் குழந்தைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விகிதம் வகுத்தது. பணியிடங்களை உருவாக்கச் சொல்லி 2025 மார்ச்சில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் தொடர்பான மோதலில் 2024-25ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் பங்கு, சுமார் 2,152 கோடி ரூபாய், தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டிவி விவாதத்தில் அது மொழிக் கொள்கைச் சண்டை. வீடு தேடிப் போகும் பயிற்றுநர்களுக்குச் சம்பளம் வருவதும் அதே திட்டத்தில்தான்.

18வது பிறந்தநாள்

இதைப் பெற்றோர் பெரும்பாலும் தாமதமாகத்தான் கவனிக்கிறார்கள். பள்ளி சார்ந்த உதவிகள் 18 வயதோடு முடிகின்றன. அதே நாளில் சட்டப்படி அந்தப் பிள்ளை ‘மேஜர்’ ஆகிவிடுகிறது. வங்கிக் கணக்கில், சொத்துப் பத்திரத்தில் அப்பா அம்மா கையெழுத்துப் போட முடியாது.

இதற்கு வழி 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் பொருந்தும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. அதே சட்டத்தின் கீழ் ‘நிராமயா’ என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் இதில் அடங்கும்.

ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் அதிகம் அறியாத இரண்டு விஷயங்கள். ஒன்று, இ.எஸ்.ஐ. திட்டத்தில் ‘குடும்பம்’ என்பதற்கான விளக்கத்தில், உடல் அல்லது மனக் குறைபாட்டால் பெற்றோரின் வருமானத்தையே முழுக்க நம்பியிருக்கும் பிள்ளைக்கு வயது வரம்பு கிடையாது. மகனுக்கு 30 வயதானாலும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். இரண்டு, பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினர் இறந்துவிட்டால், நிரந்தர முழுக் குறைபாடுள்ள பிள்ளைக்கு வயது வரம்பின்றி ஓய்வூதியம் உண்டு. இரண்டுக்குமே கம்பெனி ஹெச்.ஆர். பதிவில் குழந்தையின் பெயரும் குறைபாட்டுச் சான்றும் ஏற வேண்டும். வேலைக்குச் சேரும்போது வெட்கப்பட்டுக்கொண்டு பையன் பெயரை விட்டுவிட்டவர்கள் பிறகாவது சேர்க்கலாம்.

நகராட்சிக்கு இதில் வேலை இல்லையா?

இங்கிலாந்தில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே 2014ஆம் ஆண்டு சட்டப்படி கல்வி, மருத்துவம், பராமரிப்பு மூன்றையும் ஒரே திட்டமாக எழுதி, 25 வயது வரை கவனிக்கும் சட்டப் பொறுப்பு உள்ளூர் கவுன்சிலுடையது. அங்கேயும் கவுன்சில்கள் பணமில்லாமல் திணறுகின்றன, பெற்றோர் தீர்ப்பாயத்துக்குப் போகிறார்கள். ஆனால் யார் மீது வழக்குப் போடுவது என்பதாவது அவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் தெருவிளக்குக்கு நகராட்சியைக் கேட்கலாம். சிறப்புக் குழந்தைக்குக் கேட்க முடியாது.

இது மாற ஒரு சின்ன வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்களின்படி, எல்லா உள்ளாட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக வருகிறார்கள். இன்னொரு பக்கம், உலக வங்கிக் கடனுதவியுடன் நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களை அரசு திறந்து வருகிறது. தெரபி, மதிப்பீடு, உதவித்தொகை எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது நோக்கம். மூன்று கதவை ஒன்றாக்கினால் அலைச்சல் குறையும், சந்தேகமில்லை.

ஆனால் மையம் பத்து மணிக்குத் திறந்து மாலை நான்கு மணிக்குப் பூட்டினால், எட்டு மணி பஸ்ஸில் போகும் அம்மாவுக்கு அதுவும் எட்டாக்கனி. இங்கே தேவைப்படுவது ஷிஃப்ட் நேரத்துக்கு ஒத்துப்போகும் பகல்நேர மையம்: காலை ஏழரை முதல் மாலை ஆறரை வரை, வீட்டுக்கு வந்து ஏற்றிப்போகும் வேன், இரண்டு பயிற்றுநர், இரண்டு ஆயாம்மா, நாள் முழுக்கப் பயிற்சி. நகராட்சிக்கு இடம் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறைக்குப் பயிற்றுநர் இருக்கிறார். மாற்றுத்திறனாளிகள் துறைக்கு மானியத் தலைப்பு இருக்கிறது. தோல் கம்பெனிகளுக்குக் குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் லீவு போடும் தொழிலாளியால் ஏற்படும் நஷ்டம் இருக்கிறது. நான்கையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கத்தான் ஆள் இல்லை. மாவட்ட ஆட்சியரால் முடியும்.

இது தள்ளிப்போடக் கூடிய விஷயமும் அல்ல. இந்தியாவின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனம் 1,500 கோடி ரூபாயில் அமைக்கும் காலணி ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 25,000 வேலை, பெரும்பகுதி பெண்களுக்கு என்று அறிவிப்பு. நெமிலி, காவேரிப்பாக்கம் ஊர்களில் இதுவரை வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் குழந்தையைக் கூடவே கூட்டிப்போன அம்மாக்கள் இனி கம்பெனி பஸ் ஏறுவார்கள். அந்த ஆலையின் வரைபடத்தில் காப்பகத்துக்கு அறை நிச்சயம் இருக்கும், சட்டம் கேட்கிறது. அதில் எட்டு வயதுப் பையனுக்கும் ஒரு பாய் போட இடம் ஒதுக்குங்கள் என்று கேட்பதற்குக் கட்டடம் எழும் காலமே சரியான காலம்.

இந்த வாரமே செய்யக்கூடியது

குழந்தைக்கு இன்னும் சான்று இல்லையென்றால் யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டையில்தான் தொடங்க வேண்டும். இ-சேவை மையத்திலோ மொபைலிலோ விண்ணப்பிக்கலாம். அது இல்லாமல் பல கதவுகள் திறக்காது. அடுத்து, ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் குழந்தையின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பள்ளிக்குப் போகாத குழந்தையாக இருந்தாலும் சரி. டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை.

மதிப்பீட்டு முகாமுக்குப் போகும்போது ஆதார், பிறப்புச் சான்று, போட்டோ, பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கூடவே வீட்டில் குழந்தை சாப்பிடுவது, கோபத்தில் கத்துவது, தனியாக விளையாடுவது ஆகியவற்றை மொபைலில் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்துக்கொண்டு போவது நல்லது. கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய் ஒரு மூலையில் உட்காரும் குழந்தையை வைத்துப் பத்து நிமிடத்தில் எழுதும் மதிப்பெண்ணைவிட, அந்த வீடியோ டாக்டருக்கு அதிகம் சொல்லும். உளவியலாளர் ஒரு நாள், மருத்துவர் இன்னொரு நாள் என்று பிரிந்துவிட்டால் வேலை ஒரே நாளில் முடியாது. கம்பெனியில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுப் போகலாம்.